தூக்கத்தைக் குறைத்த கதை

நானூறு கிராம் எடை குறைந்தவளுக்குப் பட்டு ரவிக்கையில் இரண்டு தையல் பிரிக்க வேண்டி வருமா? ஆறு மாதமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் தூக்கம் சேச்சி. அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் சேச்சியைப் போல் பொய் சொல்லத் தெரியாத ஆளைப் பார்க்க முடியாது. கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள சுக்குக் கிடங்கில் தராசு அவர் பொறுப்பு. மூட்டையின் எடையில் சாக்கைக் கழிப்பார், சாக்கில் ஒட்டிய மண்ணையும் கழிப்பார். ஒருமுறை மூட்டைமேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டுத்தான் எண்ணை எழுதினார். முதலாளி தெரியாமல் தராசில் கால் வைத்தபோது, "காலை எடுங்க முதலாளி, இல்லேன்னா உங்களையும் சுக்கு வெலைக்கு வித்துருவேன்" என்றாராம்.

சனிக்கிழமை மதியம் லோடு போன பிறகு தெருப் பெண்கள் அந்தத் தராசில் ஏறி எடை பார்ப்போம். வளையல், கொலுசு, ஈரத்தலை எல்லாவற்றுக்கும் கழிவு உண்டு. "குறைஞ்ச மாதிரி சொல்லேன் சேச்சி" என்று கெஞ்சியவரை, "தராசுக்கு வாய் ஒண்ணுதான்" என்று இறக்கிவிட்டிருக்கிறார்.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வேலை நேரத்தில் கண் அயர்வார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

அப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். கொழுந்தனாரின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. என் பட்டு ரவிக்கையோ முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது. கைபேசி சொன்னதையெல்லாம் செய்தேன். காலையில் பட்டினி. வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு உருகுமாம், குடித்தேன். சோறு எதிரியாம், விலக்கினேன். வியர்த்தால் இளைக்கலாம் என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். கொச்சியில் சும்மா நின்றாலே வியர்க்கிறது, அப்படியானால் இந்த ஊரில் ஒருவர்கூடக் குண்டாக இருக்க முடியாதே என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஒருநாள் குழாயடியில் சேச்சி என்னை நிறுத்தினார். "எந்தா மோளே, மொகம் வாடிக் கெடக்கு?"

ரவிக்கை விஷயத்தைச் சொன்னேன்.

"பிரசவம் கழிஞ்சா எல்லாருக்கும் தூக்கம் கூடும். மெல்ல மெல்லக் குறைச்சா போதும், கேட்டோ" என்றார்.

பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் கூடுமா? எனக்கு இருந்ததே துண்டு துண்டாக நாலு மணி நேரம். இருந்தாலும் பெரியவர், அக்கறையாகச் சொல்கிறார். குழந்தையோடு படுக்கும் மதியத் தூக்கத்தை அன்றே நிறுத்தினேன். அந்த நேரத்தில் டப்பாக்களைத் துலக்கினேன். மூன்று வாரத்தில் ஜன்னல் கம்பிகூடப் பளபளத்தது. நான்தான் மங்கிப்போனேன்.

அந்த வாரம் சுகாதார நிலையத்தில் நர்ஸ் குழந்தையை எடை போட்டுவிட்டு அட்டையைப் புரட்டினார். "போன மாசத்துக்கு இப்போ ஒண்ணுமே கூடலியே. நீ ஒழுங்கா சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்" என்றேன். பொய்.

"அடுத்த மாசமும் கூடலேன்னா டாக்டரைப் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். சனிக்கிழமை எடை பார்க்கும் வரிசையில் நின்றபோது சுக்கு மூட்டையில் லேசாகச் சாய்ந்ததுதான் ஞாபகம்.

"மோளே! நின்னுக்கிட்டே உறங்குறியா?"

பதறி விழித்தேன். "நீங்கதானே சேச்சி தூக்கத்தைக் குறைக்கச் சொன்னீங்க!"

மூட்டை சுமப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். "தங்கச்சி, இந்த ஊர்ல தூக்கம்னா எடை! நீங்க தூங்குறதுக்குப் பேரு இங்க உறக்கம்!" என்றார் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சேச்சி சிரிக்கவில்லை. தேன், ஸ்வெட்டர், நர்ஸ் என்று முழுக் கதையையும் கேட்டார். சாயாவுக்கு வைத்திருந்த பச்சை இஞ்சியை ஒரு கையிலும் சுக்கை மறு கையிலும் எடுத்தார்.

"இது காஞ்சு அதாச்சு. என்ன போச்சு? தண்ணிதான் போச்சு. நீ வேர்த்ததும் அதான். ரெண்டு செம்பு குடிச்சா திரும்ப வந்துரும். தேன் ஊத்தி உருக்க நீ என்ன நெய்யா? பால் குடுக்குறவ பட்டினி கெடந்தா குறையிறது நீ இல்லடி. உன் பிள்ளை."

அங்கேயே சட்டம் போட்டார். மூன்று வேளையும் சாப்பாடு. கப்பைக்கிழங்கு, மீன்கறி, சோறு எதற்கும் பயம் கூடாது. மதியம் குழந்தையோடு உறக்கம். சனிக்கிழமை எடை. "ஆனா நீ நம்பர் பாக்கண்டா. முதுகைக் காட்டி நில்லு. நான் பாத்துச் சொல்றேன்."

நான்கு சனிக்கிழமைகள் அப்படி நின்றேன். நான்கு முறையும் ஒரே குரல்: "நூறு கிராம் குறைஞ்சு!" அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வேன்.

என் தட்டைப் பார்த்துக் கணவர் கேட்டார்: "இளைக்கிறவ சாப்பிடற சாப்பாடா இது?"

"தராசே சொல்லுது, உங்களுக்கென்ன?"

நர்ஸைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முன்தினம் சேச்சி என் மகளைப் புதுப் பிரம்புக் கூடையில் உட்காரவைத்துத் தராசில் ஏற்றினார். கூடையைக் கழித்தார். துணியைக் கழித்தார். அரைஞாணையும் கருப்பு வளையலையும்கூட விடவில்லை. நர்ஸின் அட்டையில் இருந்த எடையோடு ஒத்துப் பார்த்தார்.

"எல்லாம் கழிச்சு, அறுநூறு கிராம் கூடியிருக்கு!"

ஏலம் விடுவதுபோல் கத்தினார். காய்ந்து காய்ந்து எடை குறைவதையே பார்த்துப் பழகிய அந்தக் கிடங்கில், கூடியதற்காக முதன்முறையாக விசில் பறந்தது. முதலாளி எல்லோருக்கும் சாயா வரவழைத்தார். மறுநாள் நர்ஸின் தராசும் கிராம் பிசகாமல் அதையேதான் சொன்னது.

கல்யாணத்தில் அந்தப் பட்டுப் புடவையையே கட்டினேன். தையல்காரர் ரவிக்கையில் இரண்டு தையல் பிரித்துக் கொடுத்திருந்தார். இடுப்பில் குண்டு மகளோடு புகைப்படத்துக்கு முன்வரிசையில் நின்றேன்.

இப்போது சொல்லுங்கள். ஈயைக்கூடக் கழித்தவர் என் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லியிருப்பாரா? தையல்காரரைக் கேட்டால் சிரிக்கிறார். தராசில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கலாமா, வேண்டாமா? வாசகர்கள் யாராவது எழுதுங்கள். அதுவரை நான் சேச்சிக்கு முதுகைக் காட்டியே நின்றுகொள்கிறேன்.