கிராம் சார் கட்டிய பந்தயக் கார்

திருநெல்வேலி டவுணில் அல்வாவை எடை போட்டு வாங்குகிறவர்கள் ஊர்ப்பட்ட பேர் உண்டு. நட்டையும் போல்ட்டையும் எடை போட்டுப் பார்த்து, "கனம் ஜாஸ்தியா இருக்கே, மெலிசா வேற இல்லையா?" என்று திருப்பிக் கொடுத்தவர் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு கிராம் சார்.

சாருக்கு என்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியார். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் வேலை கிடைத்து டவுணுக்கு வந்தபோது, ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடித்தனம் இருந்த அவர் வளவுக்கு எதிர் மாடியில்தான் குடியிருந்தேன். ஆகவே நடந்த கூத்து எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் பார்த்தேன்.

கூத்துக்குக் காரணம் ஒரு கட்டுப் பழைய ஆங்கிலப் பத்திரிகை. மாஞ்சோலை எஸ்டேட் பங்களா எதிலோ கிடந்தது, மணிமுத்தாறு வழியாக இறங்கிப் பழைய புத்தகக் கடைக்கு வந்து, சார் கையில் சிக்கிவிட்டது. அதில் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த ஒரு பந்தயக் கார். இடுப்பு உயரம்கூட இல்லை. மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, உள்ளே சின்னதாக ஒரு எஞ்சின். அதை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கார்களையெல்லாம் முந்தியிருக்கிறார்கள்.

"அது எப்படி சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வண்டி மாடு திணறுதுன்னா என்ன செய்வீரு? புண்ணாக்கக் கூட்டி வைப்பீரா, மூட்டைய இறக்குவீரா? வெள்ளக்காரன் மூட்டைய இறக்கிட்டான்வே. அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து மூட்டை இறக்கும் படலம் தொடங்கியது. சைக்கிள் கடைக் குழாய்கள் வந்தன. எங்கோ விபத்தில் அடிபட்ட காரின் எஞ்சின் வந்தது. வளவு முற்றத்தில் கூடு எழும்பியது. எடையைக் குறைக்கிறேன் என்று சார் பிரேக் மிதியில் ஓட்டை போட்டார், கியர்க் கம்பியில் ஓட்டை போட்டார், கை அரிப்பு தீராமல் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளிலும் போட்டார். "எங்க வீட்டுல இட்லித்தட்டு ஒண்ணுதான் தப்பிச்சுது. அதுல முதல்லயே ஓட்டை இருக்குல்லா" என்றார் அவர் மனைவி செண்பகத்தக்கா.

வண்டியில் குறைந்த எடை எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், சாரின் தொப்பைக்குப் போயிற்று என்பேன். சாயங்காலம் ஆனால் சுடச்சுட அல்வா சாப்பிடாமல் அவரால் ஸ்பேனரைத் தொட முடியாது. அக்காவோ முருங்கைக்காய். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மொபெட்டில் போகும்போது எதிர்க்காற்று அடித்தால் எங்களுக்குப் பயமாக இருக்கும்.

தினமும் ஸ்கூல் விட்டு வந்த அக்காவைச் சார் கூப்பிடுவார். "செம்பகம், ஒரு நிமிஷம் இங்கன வந்து உக்காரு." சீட்டு எங்கே வர வேண்டும், மிதி எட்டுகிறதா, ஸ்டியரிங் முழங்காலில் இடிக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. தானே உட்காரலாம்தான். ஆனால் பூஜை போடாத வண்டியில் கட்டினவனே ஏறினால் ஆகாது என்று சார் வீட்டில் ஒரு சாங்கியம். முக்கோணம் பற்றி மணிக்கணக்காக அறிவியல் பேசுகிற மனிதர், இதில் மட்டும் அசைய மாட்டார். அக்கா அந்தக் குழாய்க் கூட்டுக்குள் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். சார் சுற்றிச் சுற்றி வந்து சாக்பீஸால் கோடு போடுவார். இந்தச் சாக்கில் கிளட்ச் எதற்கு, கியர் எதற்கு என்ற பாடமும் நடக்கும்.

ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போயிற்று. தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியை வண்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வளவே அவரிடம்தான் வந்து சண்டை பிடித்தது. அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தீவாளிக்குள்ள இது தானா நவுந்து தெருவத் தாண்டணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரருதான். நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னால் சொன்னதுதான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சார் அல்வாவை நிறுத்தினார். அப்போதுதான் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று எனக்கே புரிந்தது. பாவம், மனிதர் ராப்பகலாக அந்த வண்டியோடு கிடந்தார்.

மேல்தகடு அடிக்கும் வேலை பாத்திரப் பட்டறை அண்ணாச்சியிடம் போனது. அவர் அண்டா, குண்டான் அடித்துப் பழகிய கை. வந்து மாட்டியபோது அப்படி ஒரு வழுவழுப்பு, கண்ணாடியே தோற்றது. ஆனால் மூக்கு விளிம்பில் புள்ளி புள்ளியாக என்னவோ இருந்தது. குனிந்து படித்தேன். 'கி. செண்பகம்' என்று வெட்டியிருந்தது.

"பேரு வெட்டாம பாத்திரம் குடுத்து நமக்குப் பழக்கம் இல்லைல்லா? வீட்டம்மா பேருதான எல்லாரும் வெட்டுவாக" என்றார் பட்டறை அண்ணாச்சி.

சார் கேட்டது ஒரே கேள்வி. "இதனால எடை ஏதும் கூடுமாவே?" கூடாது என்றதும் நிம்மதியாகிவிட்டார். அக்கா வந்து தன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கெடு முடியும் நாள் வந்தது. சொன்னபடி இரும்புக்காரரும் வந்துவிட்டார். பூஜைக்கு வளவே கூடியிருந்தது. இரும்புக்காரர் வண்டியின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, நாலு அண்டா எடைகூடத் தேறாது போலிருக்கே!"

சாருக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் கொடுக்க முடியும்? ஆனந்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சார் முதன்முதலாக வண்டியில் ஏறினார்.

ஏறினார் என்றா சொன்னேன்? ஒரு கால் போயிற்று. தொப்பை போகவில்லை. பக்கவாட்டில் முயன்றார், மூச்சை இழுத்துப் பிடித்து முயன்றார், நானும் பட்டறை அண்ணாச்சியும் அமுக்கிப் பார்த்தோம். ம்ஹூம். அந்த வண்டியில் சீட்டு, மிதி, ஸ்டியரிங் அத்தனையும் அக்காவின் அளவு. வேறு யார் அளவும் அதில் இல்லை.

சார் வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அளவு தப்பிப் போச்சு செம்பகம்," என்றார் பைய. "அவரு எடுத்துட்டுப் போவட்டும்."

இரும்புக்காரர் கயிற்றை எடுத்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க தள்ளிக்கிடுங்க."

உறையில் கத்தி போவதுபோல உள்ளே போய் உட்கார்ந்தார். இரண்டு தடவை எஞ்சின் குலுங்கி அணைந்தது. அடுத்த தடவை உறுமிக்கொண்டு கிளம்பியது பாருங்கள், எலுமிச்சம்பழம் நசுங்கினது தெரியும், அக்கா தெருமுனையில் திரும்பினது தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. சார் பின்னாலேயே ஓடினார். நம்பர் பிளேட் எங்கே என்று கேட்க வேண்டிய போலீஸ்காரர், மூக்கில் இருந்த பேரைப் படித்துவிட்டு டவுண் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டாராம். அவர் மகளுக்கு அக்காதான் கணக்கு டீச்சர்.

வண்டியின் சத்தம் தேய்ந்து போயிற்று. சார் நடுத்தெருவில் மூச்சு வாங்க நின்றார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமாக அதே சத்தம் கேட்டது. தேர் போவதுபோல நான்கு ரத வீதியையும் சுற்றிக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தார். "பிரேக்கு! எடது கால் இல்ல, வலது கால்!" என்று சார் கத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டி இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டார். பிரேக் எதுவென்று தெரியாமல் இல்லை. நிறுத்த மனசு வரவில்லை.

கடைசியில் வந்து நின்றபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. இரும்புக்காரரிடம், "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார். பிறகு சார் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, பக்கத்துல இன்னொரு சீட்டு போட முடியுமா? உங்க அளவுக்கு?"

சார் அளவு கேட்கவில்லை, எடை கேட்கவில்லை. "நாளைக்கே போட்டுருவோம்" என்றார். அக்கா தன் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார், அத்தனை பேர் பார்க்க.

கல்யாணமே வேண்டாம் என்று ஊரிலிருந்து வந்த அத்தனை ஜாதகத்தையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து, பெண் பார்க்கச் சொன்னேன்.