டேப் மூடாதவர்

குழாயைத் திறந்தால் மூடாதவர்கள் உண்டு. பேச வாயைத் திறந்தால் மூடாதவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு மாலை போட்டு மேடையும் கொடுத்திருக்கிறோம். இந்த இரண்டு இனத்தையும் தாண்டி, தரமணிப் பக்கத்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் தோன்றி, அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று இன்று வீட்டுக்கு ஒருவராகப் பெருகிவிட்ட மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இவர் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறப்பார். மூடமாட்டார்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய லேப்டாப்பின் மேல்வரிசையைப் பாருங்கள். டேப்கள் ஒன்றை ஒன்று நெருக்கி, தலைப்பெல்லாம் நசுங்கி, ஒவ்வொன்றும் அரிசி அளவுக்குச் சிறுத்துப்போய், எது எதென்று திறந்தவருக்கே தெரியாமல் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பார்த்த ரயில் நேரம் அதில் இருக்கும். எந்த ஃபிரிட்ஜ் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்த பக்கம் இருக்கும். அந்த ஃபிரிட்ஜை வாங்கி, அது ரிப்பேராகி, கம்பெனிக்காரன் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்த பிறகும் இருக்கும். மொட்டை மாடியில் கத்திரிக்காய் வளர்ப்பது எப்படி, முதுகுவலிக்கு எந்தத் தலையணை, பிரவுசரில் டேப்களைக் குறைக்கப் பத்து வழிகள் எல்லாம் இருக்கும். கடைசியாகச் சொன்னது நான்கு டேப்களில் இருக்கும்.

மூடச் சொல்லிப் பாருங்கள். "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

சரி, இத்தனை சுமையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறதே, அப்போது என்ன சொல்வார்? "நான் அதிகமாகத் திறந்துவிட்டேன்" என்று சொல்வாரா? நல்ல கதை. "மெமரி லீக்" என்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சாந்தோமில் குடியிருக்கும் லாய்ட் பவுல்சாமியை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தொரு வயது. தரமணியில் ஒரு கம்பெனியில் இந்த மெமரி லீக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவருக்கு உத்தியோகம். ஒரு புரோகிராம் தன் வேலைக்கு வேண்டிய இடத்தைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க மறந்துவிடும். இப்படி வாங்கிக்கொண்டே போனால் கடைசியில் யாருக்கும் இடம் இருக்காது. அதுதான் லீக். யார் வாங்கினார்கள், எங்கே விட்டார்கள் என்று வரிவரியாகத் துருவிக் கண்டுபிடிப்பதில் லாய்ட் கெட்டிக்காரர். அவர் கம்பெனியில் பொறுப்பில்லாமல் எழுதப்பட்ட ஒரு வரிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் மனைவி ஜூலியட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அவளுக்கும் இதை விளக்கியிருக்கிறார்.

"இப்ப பக்கத்து வீட்டு ஷீலா நம்ம குக்கரை வாங்கிட்டுப் போறா. சமைச்சு முடிச்சாச்சு. ஆனா திருப்பித் தரல. அடுத்து இட்லிப் பாத்திரம் வாங்குறா. அதையும் தரல. நம்ம கிச்சன்ல என்ன மிஞ்சும்?"

"ஷீலா குக்கரை அன்னைக்கே கழுவித் தந்துட்டாளே. உங்க ஃபிரண்டு ராம்குமாருக்கு நீங்க குடுத்த டிரில்லிங் மெஷின்தான் இன்னும் வரல."

அதற்குப் பிறகு லாய்ட் அவளுக்கு எதையும் விளக்கியதில்லை.

இவர்களுக்கு ஒரே மகள், ஷெரில். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். என்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி ஆன்லைனில் பட்டியல் கொடுக்க வேண்டும். புதன்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பட்டியலை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் கடைசியில் பக்கத்தின் அடியில் இருக்கும் "உறுதி செய்" பட்டனை அழுத்திவிட்டால் பூட்டு விழுந்த மாதிரிதான். இருக்கிற வரிசையில்தான் இடம் ஒதுக்குவார்கள்.

புதன்கிழமை லாய்ட் ஆற அமர உட்கார்ந்து, அறுபது வரியில் ஒரு பட்டியல் போட்டார். முதல் இருபது வரியும் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஷெரில் அதைப் பார்த்தாள்.

"டாடி, நான் சிவில்னு சொன்னேனே."

"சிவிலா? வேகாத வெயில்ல ஹெல்மெட் போட்டுக்கினு நிக்கப் போறியா?"

"டிசம்பர் வந்தா நம்ம தெருவுல முட்டிவரைக்கும் தண்ணி நிக்குது. மழைத்தண்ணி எங்க போகணும்னு யாராவது படிச்சுத்தானே ஆகணும்?"

"அதை நீதான் படிக்கணுமா?"

"ஏன், நான் படிச்சா தண்ணி போகாதா?"

இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை லாய்ட் இறங்கிவந்தார். ஜூலியட் இறக்கிவிட்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை. ஷெரில் அதே லேப்டாப்பில் புதிதாக ஒரு டேப் திறந்து, சிவிலை மேலே ஏற்றித் தன் பட்டியலைப் போட்டாள். முதல் இருபது வரிதான் மாறியது, கீழே நாற்பதும் அப்படியே இருந்தன. பட்டனை அழுத்தக் கையைக் கொண்டுபோனாள்.

"இரு இரு, இப்பவே எதுக்கு லாக் பண்றே? நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் கீது. ஓப்பனா இருக்கட்டும். கடைசியா ஒரு தடவ பாத்துட்டு நானே அழுத்திடறேன்."

"சரி. அந்த உங்க பழைய லிஸ்ட்டையாவது மூடிடுங்க டாடி."

"மூடிடறேம்மா."

இந்த இனத்தார் "மூடிடறேன்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வெள்ளிக்கிழமை மாலை ஷெரில் பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். நாலேகாலுக்கு லாய்ட் லேப்டாப்பின் முன்னால் அமர்ந்தார். கை நிறைய நேரம் இருந்தது. மவுஸை நகர்த்தினார். அம்பு நகரவில்லை. இன்னொரு முறை நகர்த்தினார். சற்றுமுன் நகர்த்தியதற்கு இப்போது நகர்ந்தது. உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது.

"மெமரி லீக்" என்றார் லாய்ட், நோய்க்குப் பெயர் வைத்துவிட்ட டாக்டரின் திருப்தியோடு. "இந்த பிரவுசர் பண்றவனுங்களுக்குப் பொறுப்பே இல்ல. வாங்குன இடத்தைத் திருப்பிக் குடுக்கிறதே கிடையாது."

அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஜூலியட் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஆஃப் பண்ணிப் போடுங்களேன்."

"போட்டா டேப்பெல்லாம் போய்டும்."

"போகட்டுமே!"

 மனைவி அந்நிய மதத்துக்கு மாறிவிட்ட மாதிரி லாய்ட் அவளைப் பார்த்தார்.

"சரி, ஒரு பத்தையாவது மூடுங்க."

அது நியாயமாகப் பட்டது. எதை மூடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். கத்திரிக்காயை மூடலாமா? மழைக்காலம் முடிந்ததும் தொட்டி வைக்கலாம் என்றிருந்தாரே. ரயில் நேரம்? மாறியிருக்காது, அடுத்த வருஷத்துக்கு உதவும். தலையணையைத் திறந்து பார்த்தவர் அப்படியே படிக்கத் தொடங்கினார். தலையணைக்குள் இத்தனை விஷயம் இருக்கிறது என்று நமக்கெல்லாம் யார் சொன்னார்கள்? படித்ததில் வந்த ஒரு சந்தேகத்துக்காக இன்னொரு டேப் திறந்தார்.

ஜூலியட் மறுபடி எட்டிப் பார்த்தபோது மணி நான்கு ஐம்பத்திரண்டு.

"எத்தன மூடினீங்க?"

"அது ஒண்ணு கூடிடுச்சு."

"ஐயோ ஏசுவே! அவ வாழ்க்கைங்க அது!"

அதன் பிறகுதான் லாய்ட் மேல்வரிசையைத் துழாவினார். கவுன்சலிங் டேப் எங்கே? அரிசி அளவு டேப்களில் ஒரே மாதிரி அரசு முத்திரையோடு இரண்டு இருந்தன. ஒன்றை அழுத்தினார். வெள்ளையாக நின்றது. மற்றதை அழுத்தினார். நாலு ஐம்பத்தேழுக்குப் பக்கம் வந்தது, அவர் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருந்த கடைசி வரியில். நாற்பதாவது வரியிலிருந்து அறுபதாவது வரிவரை தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு நேர் கீழே பட்டன். அழுத்தினார். விசிறி இரைந்தது, அம்பு சுழன்றது. நாலு ஐம்பத்தொன்பதுக்கு "உங்கள் பட்டியல் உறுதி செய்யப்பட்டது" என்று பச்சையில் வந்தது.

"முடிஞ்சுது! எத்தனை லீக் இருந்தாலும் நம்ம கிட்ட நடக்குமா?" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

ஐந்தேகாலுக்கு ஷெரில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். போனுக்கு வந்திருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாடி, இது யாரோட லிஸ்ட்?"

முதல் இருபது வரியும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் லாய்ட் பிழைத்திருப்பார். "அந்தப் பழசை மூடலையா?" என்று மட்டும் கேட்டாள். லாய்ட் ஹேங் ஆன பிரவுசரைப் பற்றி, அது விழுங்கும் இடத்தைப் பற்றி, அதை எழுதியவர்களின் அலட்சியத்தைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினார். அவள் பாதியிலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 

ஒரே ஒரு வழி இருந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் நந்தனத்து உதவி மையத்துக்கு நேரில் போய், பட்டியல் ஏன் தவறாகப் போனது என்று எழுதிக்கொடுத்தால், காரணம் சரியாக இருந்தால், ஒருமுறை பூட்டைத் திறந்துவிடுவார்கள். அப்பாவும் மகளும் ஆட்டோவில் ஏறினார்கள். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் பத்தரை ஆகிவிட்டது.

"இன்னா சார், பொண்ணு அழுவுது?" என்றார் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து.

"ஒண்ணுமில்லப்பா. கம்ப்யூட்டர் சதி பண்ணிடுச்சு."

ஷெரில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மையத்தில் கூட்டம் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மெஹக்குக்கு முப்பது வயதுதான் இருக்கும். கண்ணில் மட்டும் இருபது வருஷச் சர்வீஸ் தெரிந்தது. லாய்ட் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தார். "பிரவுசரில் ஏற்பட்ட மெமரி லீக் காரணமாக" என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

"சார், காலையிலேர்ந்து மூணு பேருக்கு சர்வர் படுத்துடுச்சு, ரெண்டு பேருக்குக் கரண்ட் போயிடுச்சு. லீக்னு சொல்றதுல மட்டும் நீங்க நாலாவது. இதெல்லாம் காரணம் இல்ல சார். யாரு என்ன பண்ணாங்கன்னு எழுதணும். லாக் ஆனது யாரோட லிஸ்ட்?"

"என்னோடது."

"பொண்ணு கேட்டது?"

"அவளோடது. அது வேற டேப்புல இருந்துது."

"அப்ப உங்க லிஸ்ட்டு எதுக்கு சார் ஓப்பனா இருந்துச்சு?"

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அப்பா இருமினார். லாய்டுக்கு இருபத்தேழு வருஷ அனுபவம். யார் வாங்கினார்கள், ஏன் விடவில்லை என்று அவர் தினமும் கேட்கிற கேள்விதான் இது. இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மேலே உருட்டிப் பார்க்க நேற்று எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடி அவரிடம் இருந்தது என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

வேறு தாள் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் எழுதினார். நான்கு வரிதான் எழுதினார்.

"என் மகள் ஷெரில் தன் பட்டியலைத் தயாரித்து என்னிடம் ஒப்படைத்தாள். நான் அதற்குப் பதிலாக என் பட்டியலை உறுதி செய்துவிட்டேன். என்னுடையதை மூடும்படி வியாழக்கிழமையே அவள் சொன்னாள். அவள் மனம் மாறிவிடுவாள் என்ற நினைப்பில் நான் மூடவில்லை."

மெஹக் படித்தார். இந்த முறை கடைசிவரை படித்தார். "மாணவியும் கையெழுத்துப் போடணும்" என்று தாளை ஷெரில் பக்கம் நகர்த்தினார்.

ஷெரில் படிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கடைசி வரி நிஜமா டாடி?"

"ஆமாம்மா."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். இப்படி ஆயிருக்காது."

கையெழுத்துப் போட்டாள். மையத்துக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு டேப்தான் திறந்திருந்தது. அவளே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து அறுபதாவது வரிவரை விரல் வைத்துப் பார்த்து, அவளே பட்டனை அழுத்தினாள். லாய்ட் ஒரு கெஜம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையைக் கட்டி வைப்பது அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது என்பதை ஷெரில் கவனித்தாள்.

என்ன, சிரிக்கிறீர்கள்? பாவம் லாய்ட், நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். பையனுக்கு எந்த வேலை, தங்கைக்கு எந்த மாப்பிள்ளை, ரிட்டயரான அப்பா எங்கே இருக்க வேண்டும் என்று அவர்கள் "வேண்டாம்" என்று சொல்லி வருஷக்கணக்கான பிறகும், ஓரமாக நசுங்கிக்கொண்டு, இருக்கட்டும் என்று நீங்கள் திறந்து வைத்திருக்கிற பட்டியல் ஒன்றுகூடக் கிடையாதுதானே? அப்படியானால் அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், பார்த்துவிடலாம்.

டேப்பை மூடச் சொன்னால் லேப்டாப்பையே மூடுகிறீர்களே!