என்கொயரி ஆன்ட்டியின் இரண்டு ஒயர்கள்

மேப்பைப் பார்த்து, சாட்டிலைட்டைக் கேட்டு, ஊரே "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று புளுகிக்கொண்டிருக்கிற காலத்தில், ஒருவர் உண்மையில் எப்போது வந்து சேருவார் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஜீவன் இந்தியாவிலேயே பெங்களூரு ஒக்கலிபுரத்தில்தான் இருக்கிறது. பெயர் தெரியாது. தெருவுக்கே அவர் என்கொயரி ஆன்ட்டி. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட "என்கொயரி மேடம் மனே" என்று வீட்டைக் கேட்டுத்தான் வருவார். வாடகை அக்ரிமென்ட்டில் பெயர் இருந்திருக்கும். அதையெல்லாம் யார் படிப்பது?

ஆன்ட்டி, பக்கத்தில் இருக்கிற ரயில்வே ஸ்டேஷனில் விசாரணை கவுன்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டேஷன் அவரை விட்டுவிட்டது. அவர்தான் ஸ்டேஷனை விடவில்லை. கீழ் வீட்டு ஹால் அவருக்குப் பிளாட்பாரம். மாடிப்படி ஓவர்பிரிட்ஜ். மாடியில் வாடகைக்கு இருந்த திவ்யாவும் நானும் வண்டிகள். அதில் திவ்யா எக்ஸ்பிரஸ். வழியில் இருக்கிற பானிபூரி வண்டி எல்லாவற்றிலும் நிற்பதால் நான் பாசஞ்சர்.

ஹால் ஜன்னலோரம் ஒரு லேண்ட்லைன் இருந்தது. எங்கள் செல்லுக்கு அடித்தால் "மீட்டிங்மா" என்று கட் பண்ணுவோம் என்பதால் எங்கள் அம்மாக்கள் நேராக அதற்கே அடிப்பார்கள். ஆன்ட்டி முதல் ரிங்கிலேயே எடுத்து, கவுன்டர் குரலில் தகவல் சொல்வார். "திவ்யா ஆபீஸ்லேர்ந்து புறப்பட்டுட்டாம்மா. டவுன்ஹால் கிட்ட டிராபிக். அரை மணி லேட்டா ஓடுறா." ஒருநாள் திவ்யா ஒரு பையனோடு சினிமாவுக்குப் போனாள். அன்றைக்குத் தர்மபுரியிலிருந்து அவள் அம்மாவின் போன் வந்தபோது ஆன்ட்டி பொய்யும் சொல்லவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை. "இன்னிக்கு மாற்றுப் பாதையில போறாம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை திவ்யாவின் அம்மா நேரிலேயே வந்து இறங்கிவிட்டார்.

ஆக, அந்த போனைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் லட்சியம். ஆனால் கதை ஆரம்பித்தது நெட்டில்.

வீட்டு நெட்டும் அந்த போன் லைனிலேயேதான் வந்துகொண்டிருந்தது. மழை தூறினால் போதும், படுத்துவிடும். நானோ வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஆள். கிளையன்ட்டிடம் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் என் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றது பலமுறை நடந்தது. கடைசியில் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை நெட் போனால், வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும். ஒக்கலிபுரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போய் வருவது என்றால், என் இளமையை சில்க் போர்டு சிக்னலில் கழித்துவிட்டு, பென்ஷன் வாங்க வீடு திரும்புவது என்று அர்த்தம்.

ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "கம்பெனி மாத்தணுமா? சரி, விசாரிப்போம்" என்றார்.

அவர் விசாரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மூன்று பிராட்பேண்ட் கம்பெனிப் பையன்கள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு வந்தார்கள். ஆன்ட்டி யாரையும் உள்ளே விடவில்லை. அவர் ஜன்னல் கம்பிக்கு உள்ளே சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர்கள் வெளியே கியூவில். ஆயுசு முழுக்கக் கம்பிக்கு வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள், இவர் பதில் சொன்னார். இப்போது முறை மாறிவிட்டது.

முதல் பையன் ஸ்பீடு பற்றி ஆரம்பித்தான். ஆன்ட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஸ்பீடை விடுப்பா. லேட்டானா சொல்வீங்களா?"

"லேட்டே ஆகாது மேடம்."

"அடுத்தவங்க."

இரண்டாவது பையன், பழுதானால் ஆப்பில் புகார் கொடுக்கலாம் என்றான். எப்போது சரியாகும் என்று ஆப் சொல்லுமா என்று கேட்டார். "விரைவில்" என்று வரும் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆன்ட்டியின் முகம், சாம்பாரில் ஈ விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "விரைவில்னு நான் ஒருநாள் சொல்லியிருந்தா கவுன்டர் கண்ணாடியை ஒடச்சிருப்பாங்க, சும்னே ஹோகப்பா" என்று கன்னடமும் தமிழும் கலந்து அவனை அனுப்பிவிட்டார்.

மூன்றாவது பையன் பொம்மனஹள்ளிக்காரன், பெயர் மணி. "ஆகும் மேடம். ஆனா எவ்ளோ நேரம்னு நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றான். கம்பி வழியாக டீ டம்ளர் வெளியே போனது. செலக்டட்.

ஆனால் அப்புறம்தான் அவன் ஒரு குண்டைப் போட்டான். பழைய போன் நம்பர் புதுக் கம்பெனிக்கு வராது. புது நம்பர்தான் கிடைக்கும்.

ஆன்ட்டி ஜன்னலோர லேண்ட்லைனைத் திரும்பிப் பார்த்தார். நான் மனதுக்குள் குத்தாட்டம் போட்டபடி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, நெட்டுக்கு இது, போனுக்குப் பழசு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று ஒப்புக்குச் சொன்னேன்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஒயர்தான். ரெண்டு கவுன்டர் தொறந்தா ஜனம் எதுல நிக்கும்?"

டீ டம்ளரைக் கம்பி வழியாகத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு அவரே சொன்னார். "உங்கம்மா மட்டும் இல்ல கீர்த்தி. உனக்கு முன்னாடி மாடியில இருந்துட்டுப் போன பொண்ணுங்க எல்லாரோட அம்மாகிட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு. அடிச்சுப் பாத்து யாரும் எடுக்கலேன்னா பயந்துர மாட்டாங்களா?"

குத்தாட்டம் பாதியில் நின்றது.

பழையதை நிறுத்துமுன் ஒரு வாரம் ட்ரையல் என்று மணி புது ஒயரை இழுத்துக் கொடுத்தான். நெட் பறந்தது. வீடியோவில் என் முகப்பரு வரைக்கும் மேனேஜருக்குத் தெரிந்தது. ஆன்ட்டி முடிவெடுத்துவிட்டார். வேலை செய்கிற பெண்ணுக்கு நெட் முக்கியம். திங்கட்கிழமை பழைய லைனை எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுவது.

ஞாயிறு முழுக்க அவர் போனை வைக்கவே இல்லை. "கனிவான கவனத்திற்கும்மா, நாளையிலேர்ந்து நம்பர் மாறுது, எழுதிக்கோங்க." ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு அம்மாவாக. சாயங்காலம் குடியாத்தத்திலிருந்து என் அம்மா என் செல்லுக்கே அடித்தார். "ஏண்டி, உன் நெட்டுக்காக அந்தம்மா நம்பரையே விடுறாங்களாமே. நல்லா இருக்குடி." நான் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மீட்டிங்?

திங்கட்கிழமை காலை. பெரிய கிளையன்ட் கால். பெங்களூரில் இந்தப் புதுக் கம்பெனிகளின் நெட் பூமிக்கு அடியில் வருவதில்லை. மரத்துக்கு மரம் தாவித்தான் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருமுனைப் புங்கமரத்தில் எல்லாக் கம்பெனி ஒயர்களும் நூடுல்ஸ் மாதிரி தொங்கும். அன்றைக்குப் பார்த்து மாநகராட்சி ஆட்கள் ஏணியோடு வந்து, தொங்கியதையெல்லாம் மொத்தமாக நறுக்கிவிட்டார்கள். நான் வாயைப் பிளந்தபடி உறைந்தேன்.

மாடி அறையில் செல் சிக்னல் சுத்தமாக இருக்காது. மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில், என்னைப் பிடிக்க முடியாத மேனேஜர், அவசரத் தொடர்புக்கு நான் ஆபீசில் கொடுத்திருந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். அது கீழே இருந்த லேண்ட்லைன். அதன் ஒயர் மட்டும் மண்ணுக்கு அடியில் போனதால் கத்தரிக்குத் தப்பியிருந்தது.

நான் கீழே இறங்கி வருவதற்குள் ஆன்ட்டி கன்னடத்தை முடித்து, இந்தியை முடித்து, இங்கிலீஷுக்கு வந்திருந்தார். மணி ஏற்கெனவே போன் பண்ணி ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்கிறான். அதை ஆன்ட்டி அறிவித்துக்கொண்டிருந்தார். கீர்த்தியின் நெட் ஒரு மணி நேரம் தாமதமாக ஓடுகிறது, கீர்த்தி நல்ல நிலையில் இருக்கிறாள், தடங்கலுக்கு வருந்துகிறோம்.

ரிசீவரை என்னிடம் கொடுத்தார். என் வாழ்க்கை சில்க் போர்டில் முடிந்தது என்று நினைத்துக் காதில் வைத்தேன்.

மேனேஜர், கிளையன்ட் காலை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டதாகச் சொன்னார். இந்த டீமில் எது எப்போது முடியும் என்று யாரைக் கேட்டாலும் விரைவில் என்றுதான் பதில் வருகிறது, இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒருவர் நேரம் சொல்லியிருக்கிறார் என்றார். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னாலேயே நெட் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிப் பேச்சு அதோடு போயிற்று.

மத்தியானம், பழைய லைனை நிறுத்தச் சொல்லி எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுத்து ஆன்ட்டி கிழித்துப் போடச் சொன்னார்.

"ரெண்டு ஒயரா ஆன்ட்டி? ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்னீங்க?"

"ஒரு லைன்ல வண்டி நின்னா இன்னொண்ணுல விடணும்ல. டபுள் லைன் போட்டாச்சுன்னு நெனச்சுக்கோ."

அன்றைக்கு மறுபடி எல்லா அம்மாக்களுக்கும் அடித்து, நம்பர் மாறவில்லை என்று அவர் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. திவ்யாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் போட்டுக் கொடுத்தோம்.

இப்போது எனக்கு வேறு வேலை, வேறு வீடு. நெட் போவதே இல்லை. குடியாத்தத்து அம்மா இன்னமும் என்னைத் தேடி முதலில் அங்கேதான் அடிக்கிறார். பதிலும் கிடைக்கிறது, ஏனென்றால் தினமும் வீடு வந்து சேர்ந்ததும் நான் அந்த நம்பருக்கு ஒரு ரிங் கொடுத்துவிடுகிறேன். போன ஞாயிறு, வரலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். எத்தனை மணிக்கு என்றார். பத்து மணிக்கு என்றேன்.

"நீ பத்துன்னா பதினொண்ணு. வா, பிளாட்பாரம் காலியாத்தான் இருக்கு."