தேசிய அணிக்கு ஒரு பொட்டு மஞ்சள்

"ஆர் வச்சது இத?"

சுபாஸ்கரன் சட்டையை இரண்டு கையாலும் யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி கேட்டான். வெள்ளை வெளேரென்ற சட்டை. நெஞ்சில் பெரிய சிவப்பு மேப்பிள் இலை. முதுகில், முதல்நாள் பின்னேரம் முழுக்க மெஷினில் குனிந்து அவன் தைத்த, ஒரு பிரெஞ்சுப் பேரின் பதின்மூன்று எழுத்து. எல்லாம் சரி. கழுத்துப் பட்டியில் மட்டும் பெருவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"நான்தான்," என்றாள் அவன் மனைவி புஷ்பவதி, அடுப்படியிலிருந்து. "புதுச் சட்டைக்கு மஞ்சள் வைக்காம ஆராவது குடுப்பாங்களா?"

"இது நம்மட உடுப்பா புள்ள? கனடா டீம்ட உடுப்பு!"

"அதுக்குத்தான் வச்ச. நாட்டுக்கு விளையாடப் போற புள்ள, கை கால் முறியாம வரட்டும். அந்த விளையாட்டில அடிபடுறானுகள், டீவியில பாக்கல்லயா நீங்க?"

சுபாஸ்கரன் சட்டையோடு கட்டிலில் குந்தினான். சனிக்கிழமை காலை ஏழு மணி. இரண்டு மணிக்குச் சட்டையை எடுக்கக் கடைக்கு ஆள் வந்துவிடும்.

அவன் வேலை செய்கிற பேனாட்டின் கடை மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில், டயர் கடைக்கும் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. விளையாட்டுச் சட்டைகளுக்குப் பேரும் இலக்கமும் தைக்கிற கடை. முப்பது வருடமாகப் பேனாட் தைத்ததெல்லாம் கராஜ்காரர்களின் சொஃப்ட்போல் சட்டையும் கிழவர்களின் போலிங் சட்டையும்தான். அந்தப் புதன்கிழமை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் நீளமான காரில் வந்து இறங்கினார். தேசிய அணியின் சாமான்களுக்குப் பொறுப்பான ஆள் தான் என்றார். மேசையில் இந்தச் சட்டையை வைத்தார்.

புவாசொனோவின் சட்டை.

2004 ஓகஸ்ட் கடைசி. ஐஸ் ஹொக்கி உலகக் கிண்ணத்துக்கு நகரமே காய்ச்சல் பிடித்துக் கிடந்தது. புவாசொனோ கனடாவின் முன்வரிசை ஆட்டக்காரன். அவன் படம் இல்லாத பால் பெட்டி கிடையாது. அவனுக்குப் புதுச் சட்டை வேண்டும், பேர் தைத்து முடிக்க வேண்டும், மட்ச்சுக்கு முதல் பிறத்தியார் கண் பட்டால் அவனுக்கு ஆகாது, ஆகவே ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் கறுப்புக் கண்ணாடி. பேனாட் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும், மச்சானுக்கும், டயர் கடைக்கும், தெப்பனேருக்கும், தபால்காரனுக்கும் மட்டும் சொன்னார்.

வெள்ளி மத்தியானம் கடை மெஷின் நின்றுபோனது. பேனாட் சட்டையைக் கடதாசியில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல சுபாஸ்கரன் கையில் கொடுத்தார்.

"உன்ர வீட்டில மெஷின் இருக்குத்தானே, சூபா? இத ஒழுங்காச் செய்து கொண்டு வா. திங்கட்கிழமை நீ நிரந்தரம்."

திங்கட்கிழமையோடு சுபாஸ்கரனுக்கு மூன்று மாதத் தவணை முடிகிறது. நிரந்தரம் கிடைக்காவிட்டால் பழையபடி கோழி. ஏழு வருடம் மொன்ட்ரியால்-நோரில் கோழி வெட்டுகிற இடத்தில் ஐஸ் தண்ணிக்குள் கைவிட்டு நின்றவன் அவன். இடது கையில் இரண்டு விரல், குளிர் தொடங்கினால் மெழுகுதிரி மாதிரி வெளிறி, ஊசி குத்தினாலும் தெரியாது. இன்னொரு குளிர்காலம் அங்கே நின்றால் அந்த இரண்டையும் மறந்துவிடு என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"சவர்க்காரத்த எடு," என்றான்.

குளியலறைத் தொட்டியில் கழுத்துப் பட்டியை நனைத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். இரண்டே தேய்ப்பு. மஞ்சள் அவன் கண்முன்னால் குப்பென்று சிவந்தது.

"ஐயோ! என்ன புள்ள இது?"

"சவர்க்காரம் பட்டாச் சிவக்கும்தானே," என்றாள் புஷ்பவதி கதவடியில் நின்று. "ஆலாத்திக்கு மஞ்சளுக்க சுண்ணாம்பு போட்டாச் சிவக்கிறல்லயா?"

"அத முதல்ல சொல்லக் கூடாதா?"

"சவர்க்காரத்த எடு எண்டுதானே கேட்டீங்க. எடுத்துத் தந்தன்."

பதறிப்போய்க் குழாயைத் திறந்து கழுத்தைப் பிடித்தான். சிவப்பு அங்கே நிற்கவில்லை. கழுத்திலிருந்து இறங்கி, மேப்பிள் இலைக்கு மேலால் ஓடி, வயிற்றுப் பக்கம் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவியது.

"கீழ பத்தியண்ணனக் கூப்பிடு," என்றான்.

பத்திநாதர் திருகோணமலை ஆள். டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகத் துணி வெளுக்கிற வேலை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தவர், தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆருக்குத் தம்பி வெட்டு விழுந்தது?"

"மஞ்சள் அண்ணன்."

"மஞ்சளா?" பத்திநாதருக்கு மூச்சு வந்தது. "வைன் கறை, சோஸ் கறை, கலியாணத்துக்கு வந்தவன் சத்தியெடுத்த கறை, எல்லாம் என்ர கையால போயிருக்கு. இதெல்லாம் ஒரு கறையா? நில்லுங்க, துணி வெளுக்கிற ஜாவெல் கொண்டாறன்."

"துணி தாங்குமா அண்ணன்?"

"ஹோட்டல்ல ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு வெளுக்கிறன் தம்பி. என்னட்டக் கேக்கிறீங்க!"

ஜாவெல் வந்தது. பத்திநாதர் தாராளமாக ஊற்றினார். ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சமையல் வேகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். கால் மணித்தியாலம் கழித்துத் தூக்கினால், சிவப்பு போகவில்லை. நேற்றைய இரத்தம் மாதிரி கறுத்துப் பழுப்பாகியிருந்தது. சுற்றியிருந்த வெள்ளை, வெற்றிலை போடுகிறவனின் பல் நிறத்துக்கு வந்திருந்தது.

பத்திநாதர் துணியை விரலால் உரசிப் பார்த்தார்.

"இது பருத்தியில்லையே தம்பி."

"இல்ல."

"பருத்தியெண்டாப் போயிருக்கும்." சொல்லிவிட்டு ஜாவெல் போத்தலின் மூடியை மிகக் கவனமாக இறுக்கினார்.

பிறகு மூன்று பேரும் மாறிமாறித் தூரிகையால் தேய்த்தார்கள். நெஞ்சுப் பக்கம் நூல் எழும்பி, கிழட்டு நாயின் தோல் மாதிரிப் பொருக்குத் தட்டியது. கறை அசையவில்லை. மணி பத்தரை.

"வெயில்ல போடுங்க," என்றாள் புஷ்பவதி. "மஞ்சளுக்கு வெயில்தான் எமன். கறிச் சட்டையெல்லாம் நான் அப்பிடித்தான் போக்காட்டுற."

"இத காலையில ஏழு மணிக்குச் சொல்லியிருந்தா?"

"ஏழு மணிக்கு எங்க வெயில்?"

பின் பல்கனியிலிருந்து சந்துக்கு அப்பால் இருக்கிற கம்பம்வரை கொடிக்கயிறு, இரண்டு பக்கமும் உருளை. சட்டையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தான். சட்டை அந்தரத்தில் ஊர்ந்து போய், நடுச்சந்துக்கு மேலே வெயிலில் நின்றது. புஷ்பவதி கும்பிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு கொஞ்சம் தணிந்தது போலத்தான் இருந்தது. சுபாஸ்கரனுக்கு நெஞ்சு இலேசாகி, ஒரு தேத்தண்ணி குடிக்கலாமா என்று யோசித்த நேரம் மேகம் மூடியது. முதல் துளி மூக்கில் விழுந்தது.

ஓடிவந்து கயிற்றை இழுத்தான். உருளை இறுகிவிட்டது. அசைத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் மாடு இழுப்பதுபோல ஓர் இழுவை இழுத்தான். கயிறு உருளையை விட்டுக் கழன்று சட்டைமேல் விழ, கயிற்றில் ஒட்டியிருந்த உருளையின் கறுத்த கிறீஸ் முழுவதும் சட்டையின் தோளிலும் கையிலும் சாட்டையால் அடித்த மாதிரிக் கோடு கோடாக இழுபட்டது. சட்டை கிளிப்போடு வீட்டுப் பக்கம் ஆடி வந்து கீழே போய், பத்திநாதர் வீட்டு இரும்புப் படியில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"விடுங்க தம்பி, நான் எடுக்கிறன்!" பத்திநாதர் கீழே பாய்ந்தார்.

"இழுக்காதீங்க அண்ணன்! மெதுவாக் கழட்டுங்க!"

டர்ர்ர்.

"எடுத்திட்டன்!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. பிறகு கொஞ்சம் தாழ்ந்து, "முழங்கையில ஒரு சின்னக் கிழிவு. ஒரு சாண் வரும்."

சுபாஸ்கரன் தைத்தான். வெள்ளை நூல் எழுத்துக்கே முடிந்துபோயிருந்ததால் சாம்பல் நூல். ஈரத் துணி வழுக்கியதில் தையல் வளைந்து போனது. வளைவை மறைக்க அதன்மேல் இன்னொன்று தைத்தான். முடித்துப் பார்த்தபோது, பயிலுநர் டொக்டர் அவசரத்தில் போட்ட தையல் போல இருந்தது.

"தொலைஞ்சு போச்சு எண்டு சொல்லுங்களன்," என்றாள் புஷ்பவதி. அவள் குரல் இப்போது சின்னதாகிவிட்டது.

"தொலைச்சவன வேலைக்கு வச்சிருப்பானா?"

"மறுகா என்ன செய்யிற?"

அவன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அந்த இரண்டு விரலையும் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்ர பிழைதான்," என்றாள்.

"நீ வச்சது நல்லதுக்குத்தானே. விடு."

மணி ஒன்று. சட்டை இன்னும் ஈரம். ஈரச் சட்டையைக் கொண்டுபோக முடியாது. இஸ்திரிப் பெட்டி வைத்தால் உருகிவிடும். காய்கிறதுக்கு இருந்த சூடான சாமான் அவன் உடம்பு ஒன்றுதான். சட்டையைப் போட்டான். பிறத்தியார் கண் படக்கூடாதென்று மேலே குளிருக்குப் போடுகிற தடித்த ஜக்கெற்றைப் போட்டுக் கழுத்துவரை சிப்பை இழுத்தான்.

மழை விட்டு, புழுக்கம் அவித்தது. பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஓகஸ்டில் குளிர் ஜக்கெற்றோடு நின்று வேர்வை வடிக்கிறவனைப் பார்த்து ஒரு மனுசி கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு நல்ல மனிதர் எழும்பி இடம் கொடுத்தார்.

"காய்ச்சலா?"

"இல்ல, மெர்சி, வேலைக்குப் போறன்."

இறங்கியபோது சட்டையின் பழைய ஈரம் காய்ந்துவிட்டது. புது ஈரத்தில் சட்டை ஊறிப்போயிருந்தது.

கடைவாசலில் பேனாட் டை கட்டிக்கொண்டு நின்றார். மூன்று மாதத்தில் அவரை அப்படி அவன் கண்டதில்லை. தலைமுடிக்குத் தண்ணீர் வைத்து வாரியிருந்தார். யன்னலில் புதிதாக ஒரு மட்டை, கையெழுத்தில்: "நாங்கள் நாட்டுக்குத் தைக்கிறோம்."

"வா வா, சூபா! எங்க சட்டை?"

சுபாஸ்கரன் ஜக்கெற்றைக் கழற்றினான்.

பேனாட் முதலில் அவனுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டதென்று நினைத்துப் பாய்ந்து பிடித்தார். பிறகு மேப்பிள் இலையைக் கண்டார். முதுகைத் திருப்பி எழுத்தைப் பார்த்தார். கதிரையில் விழுந்தார்.

"தபர்னாக்," என்றார். அரை நிமிடம் கழித்து மறுபடியும் அதே தூஷணம், "தபர்னாக்."

"மனிசி... ஆசீர்வாதம் பண்ணினவ," என்றான் சுபாஸ்கரன், தனக்குத் தெரிந்த பிரெஞ்சைத் துழாவித் துழாவி. "எங்கட வழக்கம். புதுச் சட்டைக்கு நல்லது நடக்க எண்டு."

"ஆசீர்வாதமா?" பேனாட் எழும்பினார். "ஆசீர்வாதம் பண்ணினா இப்பிடியெண்டா, உன்ர மனிசி கோவிச்சா என்ன நடக்கும்? முப்பது வருசம், சூபா! முப்பது வருசத்தில ஒருதரம் இந்த நாடு என்ர கதவைத் தட்டினது!"

அவன் சட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். கைகள் தாமாக அதை மடித்தன.

"திங்கட்கிழமை வராத," என்றார் பேனாட். கத்தவில்லை. சுபாஸ்கரன் ஜக்கெற்றை மறுபடி மாட்டினான்.

வெளியே நீளமான கார் வந்து நின்றது.

பேனாட் சட்டையைப் பிடுங்கி மேசைக்கடியில் திணித்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர் உள்ளே வந்து யன்னல் மட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஒருவருக்கும் சொல்லாதே எண்டு சொன்னனான். எங்க சட்டை?"

"மெஷின் பழுது," என்றார் பேனாட். "செவ்வாய்க்கிழமை..."

ஆனால் சட்டையின் ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர் குனிந்து இழுத்தார். விரித்தார். அவர் கழுத்திலிருந்து வயிறுவரை ஓடிய பழுப்பை விரலால் தடவினார். தோளில் இருந்த கறுப்புக் கோடுகளைப் பார்த்தார். முழங்கைத் தையலை எண்ணினார். கடைசியாகச் சட்டையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

பேனாட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நான்தான் செய்தது, மெசியே," என்றான் சுபாஸ்கரன். "பேனாட்டுக்கு ஒண்டும் தெரியாது. என்ர வேலை போயிற்று. அவரை விட்டிருங்க."

கறுப்புக் கண்ணாடிக்காரர் போய்க் கதவைச் சாத்தினார். யன்னல் மட்டையைக் கழற்றித் தரையில் போட்டார். கண்ணாடியைக் கழற்றி, சுபாஸ்கரனை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"லவாலில எனக்கு ஒருத்தன் இருக்கிறான், புவாசொனோ மட்ச்சில போட்டுக் கிழிச்சது எண்டு பொய் சொல்லி ரசிகர்களுக்குக் கூடின விலைக்கு விக்கிறதுக்குப் புதுச் சட்டைய இப்பிடி ஆக்கித் தர ரெண்டு கிழமை எடுப்பான், அவனுக்கே ரத்தம் இவ்வளவு அச்சொட்டா வந்ததில்ல, நீ வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இருபது செய்து தருவியா?"