துரை வீட்டுக் கண்ணாடித் தொட்டியைக் கழுவிய விவரம்

ஈப்போவுக்கு அடுத்த தோட்டம்,
அக்ஷய வருஷம், ஆவணி மாதம்.

மகா கனம் பொருந்திய மைத்துனர் மாயாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை மங்களத்தைக் கைப்பிடித்த ராமையா அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பீடோரில் தாங்களும் தங்கள் சம்சாரம் கருப்பம்மாள் அக்காவும் முருகன் அருளால் சுகமாயிருக்க வேண்டும். இவ்விடம் நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சோறு வடிக்கத் தெரியாமல் காலையும் மாலையும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்கிறவன் அப்படி எழுதினால் அது பொய்.

மங்களம் கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கிறாள். ஏன் வந்தாள் என்று தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், கேட்டாலும் சொல்லுகிற பிறவியில்லை. ஆகவே நானே சொல்கிறேன். மச்சான், உங்கள் தங்கையின் மீன்களை நான் கொன்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுக் குளியலறை ஜாடியில் அவள் வளர்த்த தங்கமீன்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குப் பிள்ளையில்லை. அந்த வீட்டில் அவள் பேர் சொல்லிக் கூப்பிட இருந்தவை அவைதாம். சீனி, பாப்பா, பத்துமலை என்று பேர். சாப்பாடு போடும்போது சீனி இன்று என்ன செய்தாள், பாப்பாவை யார் விரட்டினார்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் பத்திரிகையிலிருந்து தலையெடுக்காமல் 'உம்' கொட்டுவேன். கொட்டினேனே தவிர ஒரு நாளாவது ஜாடிக்குள் குனிந்து பார்த்தேனா என்றால், இல்லை.

இப்படியிருக்க, எங்கள் பெரிய துரை சீமைக்குப் போகிறார் என்று பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எல்லாரும் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொண்டபோது ஒரு மூலையில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடி மீன்தொட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. மங்களம் அழுக்கு ஜாடிக்குள் கையை விட்டுத் துழாவுகிறாளே, இதை வைத்தால் மீன் நன்றாகத் தெரியுமே என்று எனக்கு ஆசை வந்தது. எடுத்துவிட்டேன். அந்த ஆசையில் குற்றமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அதன் பிறகு செய்தது ஒவ்வொன்றும் குற்றம்.

தொட்டியைக் கொண்டுவந்து பார்த்தால் பாதிக் கண்ணாடிக்கு மேல் பாசி, அதற்கு மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு. இந்தப் பக்கத்து மலையெல்லாம் சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும் எப்படி இருக்கும். உப்பு போட்டுத் தேய்த்து, பல தண்ணீர் மாற்றி, வெயிலில் காயவைத்து, கொஞ்ச நாள் நீர் நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஈப்போ மார்க்கெட்டில் தங்கமீன் கடை வைத்திருக்கிற சீனத் தவுக்கே சொன்னதாக மங்களம் சொன்னாள். நான் சிரித்தேன். தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணிக்கு மீன்காரன் பாடம் சொல்வதா என்று ஸ்டோருக்குப் போய், ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற திராவகத்தில் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றித் துடைத்தேன். பொருக்கு நுரைத்துக்கொண்டு போயிற்று. கண்ணாடி பளிச்சென்று ஆனது. நான் மீசையைத் தடவிக்கொண்டு நிற்கையில், சட்டத்தைக் கண்ணாடியோடு ஒட்டியிருந்த பழைய மக்குப் பசையும் சேர்ந்து போயிருந்தது தெரிந்தது. தண்ணீர் ஊற்றினால் நாலு பக்கமும் ஒழுகி என் வேட்டி நனைந்தது. அதற்கும் நான் அசரவில்லை. பால் வாளியிலிருந்து ஒரு குவளை ரப்பர்ப் பால் எடுத்துவந்து மூலைகளில் பூசினேன். திராவகம் மிச்சமிருந்ததால் அது தொட்டதும் கட்டிக்கொண்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் வீடு முழுக்க உலர்ந்த ரப்பர் நாற்றம் எழுந்தது. அந்த நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். பிறகு சோப்பு வாசனையைப் போக்க ஒரு தண்ணீர் விட்டு அலசிவிட்டு, போதும் என்று நிறைத்தேன்.

"கொஞ்ச நாளு தண்ணி நிக்கட்டுமே" என்று மங்களம் கேட்டாள். நாளைக்கே மீனைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவள் ஒரு பாத்திரத்தில் மீன்களைக் கொண்டுவந்து தானே தொட்டியில் விட்டாள். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரே பெருமை. ஒன்றைக் காட்டி, "பாரு, பத்துமலை எப்புடி நீந்துறான்னு" என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

பொழுது சாயுமுன் மூன்றும் மல்லாந்துவிட்டன. நான் நிஜமாகவே கலங்கிப்போனேன், மச்சான். ஒன்றைக் கையில் எடுத்து, "சீனி போயிட்டாளே மங்களம்" என்றேன்.

"சீனியா? நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா?"

"சீனி இல்லன்னா பாப்பா" என்றேன், அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது. அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள். மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது பித்தளைக் குடம் ஒன்றை ஈரத்துணி கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மேலே போடட்டுமா என்று கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்றாள். நான் வீட்டுக்கு வந்து காலி ஜாடியைப் பார்த்துவிட்டு, மூன்று மீன்களையும் பப்பாளி மரத்தடியில் விபூதி வைத்துப் புதைத்தேன்.

இப்போது தொட்டியைப் பச்சைத் தண்ணீரில் தினமும் கழுவி வெயிலில் வைக்கிறேன். நாற்றம் போய்விட்டது. வீட்டில் பேச்சுச் சத்தமும் போய்விட்டது, அதுதான் தாங்கவில்லை. இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிற கையோடு தவுக்கேயிடம் அச்சாக அதே மாதிரி மூன்று மீன் வாங்கிவிடுவேன். தயவுசெய்து மங்களத்துக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம். பத்துமலை முருகன் எல்லாரையும் காக்க வேண்டும். மீனைச் சொல்லவில்லை, சுவாமியைத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ராமையா.

பின்குறிப்பு: மேலே கண்டதை நம்ப வேண்டாம். இதைத் தவுக்கே கடைப் பலகையில் வைத்து எழுதுகிறேன். அதே மாதிரி மூன்று மீன் கேட்டேன். எந்த மாதிரி என்றான். சிவப்பு என்றேன். கடையிலிருந்த அத்தனையும் சிவப்பு. அவனுக்கு என்னைத் தெரியவில்லை, மங்களத்தைத் தெரிந்திருந்தது. புதிதாகக் கழுவிய தொட்டியில் முதலில் மலிவு மீனை விட்டுப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லி, அவள் அதற்கென்றே மூன்று நோஞ்சான் மீன்களை வாங்கிப்போனாளாம். உன் புருஷன் இதற்கெல்லாம் சம்மதிப்பாரா என்று அவன் மலாய் மொழியில் கேட்டதற்கு, "சொல்லவே வேணாம், பாத்ததும் கண்டுபுடிச்சிருவாரு" என்று சிரித்தாளாம்.

ஆகவே சீனியும் பாப்பாவும் பத்துமலையும் சாகவில்லை. இந்நேரம் உங்கள் வீட்டில்தான் நீந்திக்கொண்டிருக்கும், நீங்களும் பார்த்துக்கொண்டே என் ஒப்பாரியைப் படித்திருப்பீர்கள். பப்பாளி மரத்தடியில் கிடப்பது யார் யாரோ.

மங்களத்தை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அதற்குள் எது சீனி, எது பாப்பா என்று அடையாளம் எழுதியனுப்பும்படி கேட்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம், எழுதாதீர்கள். மூன்றாவதற்குப் பத்துமலை என்று ஏன் பேர் வைத்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது மச்சான். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.