ஐந்தாவது இடத்தில் அகோஸ்டா

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை க்ளென் அவர்களுக்கு,

மாமனார் எமில் கோவாச் மரியாதையுடன் எழுதுவது. இங்கே உங்கள் மாமியார் லொரெய்ன் சுகம். தக்காளிச் செடிகளும் சுகம். நான் சுகமாயிருக்கிறேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீங்களும் டெனிஸும் நலமாயிருக்க வேண்டும். நாலு தெரு தள்ளி இருப்பவருக்கு எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் சின்னக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலை பத்து மணிக்கு ரசிகர்கள் போன் போட்டு நம் ஊர் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றிப் பேசுகிற வானொலி நிகழ்ச்சியில், ஆறு வாரமாக 'மேப்பிள் தெரு ஸ்டான்' என்று ஒருவன் உங்களைக் கிழித்துக்கொண்டிருந்தானே, அவன் நான்தான். மேப்பிள் தெருவில் எனக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அணியின் மேனேஜரான உங்களை ஒருநாளும் பெயர் சொல்லித் திட்டவில்லை, 'அந்த ஆள்' என்றுதான் சொன்னேன், மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காக. முப்பத்தெட்டு தடவை மட்டையோடு போய் இரண்டே தடவை அடித்த ரூபன் அகோஸ்டாவை நாலாவதாக இறக்குகிறாரே, நாலாவது இடம் அணியிலேயே பலமாக அடிக்கிறவனுக்கு உள்ளதாயிற்றே, அந்த ஆளுக்குக் கண் தெரியாதா என்றுகூடக் கேட்டேன். நீங்களோ நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அகோஸ்டாவுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் உடைந்திருக்கிறது, இப்போது இடத்தைப் பறித்தால் பையன் எழுந்திருக்கவே மாட்டான் என்று பொறுமையாக விளக்கினீர்கள். நானும் தலையாட்டிவிட்டு, உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு ஸ்டானாகிவிட்டேன்.

இனிப் பெரிய குற்றம். போன சனிக்கிழமை மத்தியானம், நீங்கள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லி டெனிஸ் அதை என்னிடம் கொடுத்தனுப்பினாள். கொடுத்துவிட்டு வருகிற எண்ணத்தோடுதான் போனேன், சத்தியமாக. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் யாருமில்லை, எல்லோரும் மைதானத்தில் பயிற்சியில் இருந்தீர்கள். சுவரில் யாருக்குப் பின் யார் அடிக்க வேண்டும் என்கிற அன்றைய வரிசை அட்டை குத்தியிருந்தது, ஒன்றிலிருந்து ஒன்பதுவரை உங்கள் அழகான கையெழுத்தில். நாலாவது அகோஸ்டா, ஐந்தாவது ஹோலிஸ். எனக்கு ரத்தம் கொதித்தது மாப்பிள்ளை. எப்போதும் காதில் செருகியிருக்கும் என் தச்சுப் பென்சில் எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. இரண்டு பெயருக்கும் நடுவில் மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி, இருவரும் இடம் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான். முப்பது வருஷமாகக் காப்பிக்கடை நாப்கினில் போட்ட வரிசையை ஒருதரமாவது நிஜ அட்டையில் போட்டுப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில், பென்சிலை பெஞ்சில் விட்டுவிட்டு உங்கள் கண்ணாடியைப் பத்திரமாக என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அட்டை இரண்டு உண்டு, நடுவர் கையில் இருப்பதுதான் சட்டம் என்பது ஐம்பது வருஷமாக ஆட்டம் பார்க்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. உங்கள் ஆட்டக்காரர்கள் சுவரைப் பார்த்து ஆடினார்கள், நடுவரிடம் பழைய வரிசை இருந்தது. அடிக்க வருகிறவன் பெயரைச் சொல்லும் ஒலிபெருக்கி ஜூலையிலிருந்து கெட்டுக் கிடக்கிறது. அகோஸ்டாவும் ஹோலிஸும் ஒரே உயரம், ஒரே பருமன். கண்ணாடி இல்லாமல் மூன்றாம் பேஸ் முனையருகே நின்று ஓடுகிறவர்களுக்குச் சைகை காட்டிய உங்களுக்கு எவன் எவன் என்று எப்படித் தெரியும்? எதிரணி மேனேஜருக்கு மட்டும் முதல் இன்னிங்ஸிலேயே தெரிந்துவிட்டது. மனிதர் வாயைத் திறக்கவில்லை. எதிரணி முறையிட்டால்தான் நடுவர் தலையிடுவார் என்பதால், சூயிங்கத்தை மென்றுகொண்டு சரியான நேரத்துக்குக் காத்திருந்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஆறுக்கு நாலு என்று நாம் பின்னால். முனைகளில் நம் ஆட்கள் இரண்டு பேர் ஓடக் காத்து நிற்க, அகோஸ்டா வந்தான், அடித்தான். பந்து வேலியைத் தாண்டி மரக்கடைக் கூரையில் விழுந்தது. மூன்று ஓட்டம், ஏழுக்கு ஆறு, ஜெயம். பையன் அழுதுகொண்டே முனைகளைச் சுற்றி ஓடினான். நான் இருக்கை மேலே ஏறி நின்று, பக்கத்திலிருந்தவர்களிடம் அஞ்சாவது இடம்தான் அவனுக்கு ராசி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த எதிரணி மேனேஜர் ஆடி அசைந்து நடுவரிடம் போனார். முறை மாறி வந்தவன் அடித்தது செல்லாது, அதோடு ஒரு அவுட்டும் உண்டு, ஆட்டம் முடிந்தது என்று நடுவர் கையைத் தூக்கியபோது அகோஸ்டா இன்னும் மற்றவர்கள் தோளில் இருந்தான். அவனை இறக்கிவிட்டார்கள். அவன் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை.

நீங்கள் சுவருக்குப் போய் அட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். மடித்துப் பையில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். பத்திரிகைக்காரர்களிடம் நீங்கள் சொன்னது மறுநாள் வந்தது: "சுவர்ல இருந்த அட்டையை நான்தான் தப்பா எழுதிட்டேன். பசங்க மேல ஒரு தப்பும் இல்ல." ஊர் முழுக்க உங்களைக் கரித்துக் கொட்டுகிறது. அணி முதலாளி வெள்ளிக்கிழமை உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவு சொல்வாராம். வேலை போனால் நீங்கள் டெனிஸைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவீர்களோ, லொரெய்ன் அழுகிறாள், அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட வராமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். வந்தீர்கள். கோசுச் சுருளை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டீர்கள். லொரெய்னிடம் தக்காளியைப் பற்றி விசாரித்தீர்கள். கிளம்பும்போது வாசலில் என் பென்சிலை எடுத்துக் கொடுத்து, "இதை மறந்துட்டுப் போயிட்டீங்க மாமா," என்றீர்கள். நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் மாப்பிள்ளை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அறுபத்தொன்பது வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ஆகவே நாளைக் காலை பத்து மணிக்கு என் சொந்தப் பெயரில் போன் போட்டு, உங்கள் மேல் தவறில்லை என்று ஊரறியச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். இனிமேல் யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. உங்கள் கண்ணாடி இத்துடன் உறையில் இருக்கிறது. டெனிஸுக்கு என் அன்பு. ஊரார் வாயிலிருந்து கடவுள் உங்களைக் காக்கட்டும், முக்கியமாக மாமனார் வாயிலிருந்து.

தலைகுனிவுடன்,
எமில் கோவாச்

பின்குறிப்பு: புதன்கிழமை, பகல் பன்னிரண்டு. தபாலில் போடுவதற்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன். போன் போட்டேன். பெயரைச் சொன்னேன், க்ளெனின் மாமனார் என்றும் சொன்னேன். மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் நிகழ்ச்சி நடத்துகிறவன், "மாமனாரா? அப்ப நீங்களே சொல்லுங்க சார், அகோஸ்டாவை எங்க இறக்கணும்?" என்று கேட்டுத் தொலைத்தான். பதினோரு நிமிஷம் பேசியிருக்கிறேன். அஞ்சாவதில் போட்டதும் அடித்தானா இல்லையா, போட்டது யார், என் கையால் என் பென்சிலால் நான்தானே போட்டேன் என்று கேட்டேனாம். செய்தி நேரம் வந்து துண்டித்துவிட்டார்கள். மன்னிப்பு என்கிற சொல் வரவே இல்லை. முதலாளி உடனே வீட்டுக்குப் போன் செய்தார். அட்டையைக் கெடுத்தது நீங்கள் இல்லை என்று தெரிந்ததே போதுமாம், உங்கள் ஒப்பந்தத்துக்கு ஆபத்தில்லை, எனக்குத்தான் இந்த வருஷம் முழுக்க மைதானத்துக்குள் நுழையத் தடை. சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லொரெய்ன், இனி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்று டெனிஸிடம் பேசி முடித்துவிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு தட்டு மூடிக் கொடுத்தனுப்புவார்களாம். அதை நீங்கள் கொண்டுவந்து கொடுப்பதாயிருந்தால், நீங்கள் திரும்பிப் போகிறவரை நான் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பேன்.