அறைக்காக வந்த பேச்சிழப்பு

தலையே போனாலும் சரி, இந்த முறை என் அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானித்ததோடு நிற்கவில்லை. குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து உரக்க அறிவித்தேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அறிவித்தேன். வீரம் வேறு, முட்டாள்தனம் வேறு.

விஷயம் இதுதான். மனைவியின் அக்கா வீட்டில் கூரை வேலை நடக்கிறது. முடியும்வரை அக்காவும் என் சகலையும் எங்கள் வீட்டில் தங்கப்போகிறார்கள், என் அறையில். எனக்கு ஒதுக்கப்பட்டது ஹால் சோபா.

அந்த அறையில்தான் நான் பிழை திருத்துகிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு மருத்துவக் கலைச்சொல் அகராதி. நரம்பு மண்டலம், மனநலக் கோளாறுகள் என்று தலையணை கனத்துக்குப் போகிறது. மனைவி மூலப்பிரதியை வாசிப்பாள். நான் அச்சுப்படியைத் திருத்துவேன். அச்சில் 'மூளை' எல்லாம் 'மூலை' ஆகிக் கிடந்தது. 'மூலையில் ரத்தக் கசிவு' என்று படித்துவிட்டு வீட்டின் மூலைகளை ஒருமுறை நோட்டம் விட்டேன். இன்னொரு பக்கத்தில் 'மன அழுத்தம்' 'மின் அழுத்தம்' ஆகியிருந்தது. 'மின் அழுத்தம் உள்ளவரைத் தொட்டு ஆறுதல் சொல்லவும்.' நல்லவேளை, திருத்தினேன். எத்தனை உயிர் தப்பியதோ.

இத்தனை நோய்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு அறையைக் காப்பாற்ற முடியாதா?

"எனக்குச் சமூகப் பதற்றக் கோளாறு இருக்கு" என்றேன், காபி குடிக்கும்போது.

"அப்படியா? எப்படித் தெரியும்?"

"ஆளுங்களைக் கண்டாலே நெஞ்சு படபடக்குது. கை வேர்க்குது. வீட்டுக்கு யாராவது வந்தா தாங்காது."

"அய்யோ பாவம். அதுக்கு வைத்தியம் நேத்துதானே வாசிச்சேன், நீங்க தூங்கி வழிஞ்சீங்க. கொஞ்சம் கொஞ்சமா மனுஷங்களோட பழக விடணுமாம். முதல்ல ரெண்டு பேர் போதும். அக்காவும் அத்தானும் அளவா இருக்காங்க."

பின்வாங்குவேனா? அடுத்த நோயை எடுத்தேன்.

"அது மட்டுமில்ல. எனக்கு உறக்கமின்மை. ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தூங்காதவருக்குக் கட்டில் எதுக்கு?"

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கியது. நான் தோற்பது பேசுவதால்தான். வாயைத் திறந்தால்தானே சொன்னதையே என் மேல் திருப்பிப் போடுகிறாள்? அகராதியில் அதற்கும் ஒரு சொல் இருந்தது: பேச்சிழப்பு. மூளையில் பேச்சுக்கான பகுதி பழுதானால் வார்த்தை வராது. பேச முடியாதவனிடம் யார் வாதாடி ஜெயிக்க முடியும்?

விருந்தாளிகள் வரும் நாள் காலையில் மனைவி என் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"ஏங்க, அந்தப் பக்கம் பிடிங்க."

வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"என்னங்க? பேச்சிழப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் பதறவே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். இதுல தாமதிக்கவே கூடாது." போனை எடுத்தாள்.

இரண்டு கைகளையும் வீசி, தலையையும் வேகமாக ஆட்டினேன்.

"வேண்டாமா? சரி." போனை வைத்தாள். "அப்போ ரூமை அக்காவுக்குக் கொடுத்துடலாம்தானே?"

கழுத்தில் சொடக்கு விழும் அளவுக்கு 'கூடாது' என்று தலையாட்டினேன்.

"தங்கமான மனசு. கொடுக்கலாங்கறீங்க."

முறைத்தேன்.

"பேச்சிழப்பு வந்தவங்க சில பேர் ஆமாங்கறதுக்கு இல்லைன்னு தலையாட்டிடுவாங்களாம். எனக்குத் தெரியாதா உங்களை?"

ஆம்புலன்ஸுக்கு நேராக ஆடிய தலை அக்காவுக்கு மட்டும் எப்படித் தலைகீழாக ஆடும்? கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு இருக்கிறது என்றாகிவிடும்.

ஒரு தாளை எடுத்தேன். கொட்டை எழுத்தில் 'முடியாது' என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அடடா, எழுத்தும் குழம்பிடுச்சே. பேச்சு போனா கூடவே அதுவும் போகுமாம்." என் சிவப்புப் பேனாவாலேயே 'யாது'வை அடித்து 'யும்' போட்டாள். "இந்தாங்க, திருத்திட்டேன்."

சரி, இனி போர்தான். அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்தேன். முதுகு ஒரு பக்க நிலைச்சட்டத்தில், பாதங்கள் எதிர்ப்பக்கச் சட்டத்தில். என்னைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக வேண்டும்.

அழைப்பு மணி அடித்தது. பெட்டிகளோடு சகலையும் அக்காவும் வந்தார்கள். சகலை என்னைக் குனிந்து பார்த்தார்.

"என்ன சகலை, யோகாவா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த மனிதன் எழுந்தான்.

"மாட்டேன்! விடமாட்டேன்! நான் உயிரோட இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்!"

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சகலையின் கால் அந்தரத்தில் நின்றது. மனைவி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! காலையிலேருந்து இவருக்கு ஒரு வார்த்தை வரல. நீ வந்து நின்னதும் பேச்சு வந்துடுச்சு!"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "நிஜமாவா? அப்போ நாங்க கிளம்பினா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு. கூரை முடிஞ்சாலும் அவசரப்பட்டுப் போயிடாதே."

"போவேனா? அவர் பேச்சைவிடவா எனக்குக் கூரை பெரிசு?"

என்னைத் தூக்கி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, நான் மூச்சு வாங்குவதற்குள் பெட்டிகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்காக நான் பணிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சாத்திய கதவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"இது என் அறை! என் கட்டில்! என் மேஜை!" என்று முழங்கினேன்.

உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. "பாத்தீங்களா," என்றார் அக்கா சகலையிடம், "வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, எவ்வளவு தெளிவாப் பேசறார்!"